நாலாவது அடுக்கு

அமுதவல்லி: ...இன்னாம்மா இது, பொருளடக்கமே ஒம்பது பக்கம் ஓடுது?

அஃப்ஸானா: தேசப்பன் அண்ணன் நோட்டுல அவ்ளோ தலைப்பு இருக்குக்கா. ஏரி, அதுக்குள்ள துறை, அதுக்குள்ள மொறை வெச்சு வலை போடுற பாடு, அதுக்குள்ளயும் இன்னும் ஒண்ணு... மொத்தம் நாலு அடுக்கு.

அமுதவல்லி: நாலாவத எடுத்துடு.

அஃப்ஸானா: புக்குலேர்ந்தேவா?

அமுதவல்லி: ஐயோ, வேணாம். உள்ள இருக்கட்டும். பொருளடக்கத்துல மட்டும் தெரியக் கூடாது.

அஃப்ஸானா: அது சுலபம். இங்க ஸ்க்ரீன்ல நாலுனு இருக்கு பாருங்க, மூணுனு மாத்துனா போதும். ஆனா ஏன்க்கா? அதுதான் படிக்கவே...

அமுதவல்லி: என் கொழுந்தனார் லோகநாதன் இருக்காரே, எந்த புக்க குடுத்தாலும் மொத ரெண்டு தாளத்தான் பாப்பாரு. அப்புறம் மூடிடுவாரு. ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரர் வருச தெவசத்துக்கு வர்ற எல்லாருக்கும் இத குடுக்கப் போறோம்...

அஃப்ஸானா: ஓ... அண்ணன் எறா புடிச்ச எடம் தெரிஞ்சுடும்னா?

அமுதவல்லி: ஆங்... அதேதான். எறா எடம்.

அஃப்ஸானா: சரி... மாத்தியாச்சு. ரெண்டே பக்கம்.

அமுதவல்லி: அப்பாடா... இரு இரு. மடவை மீன் பாடு முப்பத்தொண்ணாம் பக்கம்னு போட்டிருக்கு. உள்ள இருபத்தி நாலுல இருக்கே?

அஃப்ஸானா: முன்னாடி ஏழு பக்கம் கொறஞ்சுதில்ல, அது இன்னும் பொருளடக்கத்துக்குத் தெரியல. இன்னொரு தபா ஓட்டுனா சரியாயிடும்.

அமுதவல்லி: எங்க வூட்டுக்காரர் மாரியே இருக்கு. எதையும் ரெண்டு தபா சொல்லணும்.

அஃப்ஸானா: அக்கா... ஒண்ணு கேக்கட்டா? நாலாவது அடுக்குல எறாவே இல்லியே.

அமுதவல்லி: ...படிச்சிட்டியா?

அஃப்ஸானா: நான்தானே டைப் அடிச்சேன். 'அமுதா கட்டிக் குடுத்த சோறு'. 'கிழிஞ்ச வலைய அமுதா மாரி தைக்க ஆளில்ல'. 'அமுதாவுக்கு நீலப் பொடவ எடுப்பு'... ஒரு பாடு விடாம முப்பத்தேழுலயும்.

அமுதவல்லி: மெதுவா பேசு. வெளில ஜெராக்ஸுக்கு ஆளு நிக்குது.

அஃப்ஸானா: இவ்ளோ ஆசையா எழுதி வெச்சிருக்காரு, இத போயி மறைக்கிறீங்களே. நாலுனே வுடலாம்கா. தம்பிக்காரர் பாத்தா பாக்கட்டும்.

அமுதவல்லி: பாத்தா சிரிப்பாரு. அவங்க அண்ணன் வாய் அவருக்குத் தெரியும். என்னப் பத்தினா கொழம்புல உப்பு இல்லனாதான் தொறக்கும்.

அஃப்ஸானா: பேசத்தான் கூச்சம்... எழுதுறப்ப வந்திருக்கும்.

அமுதவல்லி: எழுதவா? அவருக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும்.

அஃப்ஸானா: ...அப்ப இந்த நோட்டு?

அமுதவல்லி: கரைக்கு வந்து சாப்புடுறப்ப எல்லாம் ஏரியப் பத்தியே சொல்லுவாரு. அவரு போனப்புறம் ஞாபகத்துலேர்ந்து எழுதுனேன். மூணு அடுக்கும் அவரு சொன்னதுதான்.

அஃப்ஸானா: நாலாவது?

அமுதவல்லி: அது... என்னிக்காவது சொல்லுவாருனு முப்பது வருசம் பாத்தேன்மா. சொல்லவே இல்ல. நானே எழுதிக்கினேன்.