சாய்ந்த முத்திரைகள் சாய்த்த பட்டறை

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஹினோசாவா வணிகர் சங்கத் தலைவர் ஃபுஜிமோரி அவர்களே! கடைகளுக்குக் கதவடைத்துவிட்டுக் கம்பளிக் குல்லாயோடு வந்து குழுமியிருக்கும் பெரியோர்களே! வாசல் பனியை வாரிக் கொட்டிய களைப்பு ஆறுமுன்னே ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முழங்காலில் கோப்பை வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் தலைமை அலுவலகத்து விருந்தினர் கிதாமுரா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யாஜிமா. கிரிமினே வங்கியின் இந்த ஊர்க் கிளைக்கு ஆறாண்டுகள் மேலாளராக இருந்து, சென்ற இளவேனிலில் ஓய்வு பெற்றவன். கிளையை மூட வேண்டுமாம். அதற்கு இந்தச் சங்கம் ஒப்புதல் தர வேண்டுமாம். அதை ஆதரித்து நாலு நல்ல வார்த்தை பேசு என்று வங்கிதான் என்னை அனுப்பியது. பேசத்தான் போகிறேன். நல்ல வார்த்தையா என்பதை நீங்கள் சொல்லுங்கள்!

எங்கே பிறந்தது இந்த வங்கி? பளிங்கு மாளிகையிலா? இல்லை, பட்டுக்கூட்டுக் கிடங்கிலே பிறந்தது! நிலமற்றவன் கூடை நிறையக் கூடு கொண்டுவந்து வைத்தால், அதையே பிணையாக ஏற்றுப் பணம் கொடுத்தது. நிறுவனர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்குவாராம். உள்ளே உருளும் புழுவின் ஓசையிலேயே ஈரம் தெரிந்துவிடுமாம்.

"ஏமாத்தாதய்யா, இன்னும் ரெண்டு நாள் காயணும்."

"காஞ்சா தருவீங்களா?"

"நீ வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிருப்பேன், போ!"

அதுவன்றோ வங்கி! கையால் தொட்டது, காதால் கேட்டது, கணத்தில் கொடுத்தது! பட்டு விலை பாதாளத்தில் விழுந்தபோது பக்கத்து வங்கிகள் பாழாயின, நாங்கள் பிழைத்தோம். பட்டு போன இடத்தில் பட்டறைகள் எழுந்தன, அவற்றோடு வளர்ந்தோம். பிறகு? பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். வட்டி வற்றியது. அடுத்த மாவட்டத்து வங்கியோடு இணைந்தால்தான் வாழ்வு என்றார்கள். எல்லாம் காலத்தின் குற்றம் என்றோம். காலத்தின் குற்றமா? கேளுங்கள்!

அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே உஷியாமா கஸுயே அம்மையார், அவரிடம் பத்தொன்பது பேர் வேலை பார்த்தார்கள். பல் மருத்துவர் கையில் சுழலும் கருவிக்கு அரிசி முனையளவு பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை. இரண்டாண்டுக்கு முன் பெரிய வேலை ஒன்று தேடி வந்தது. மாத முடிவுக்குள் புதிய இயந்திரம் வாங்கினால் வேலை அவருக்கு, வாங்காவிட்டால் வேறொருவருக்கு. கடன் கேட்டார். எங்கள் கடன் பிரிவு அலுவலர் மோமோசே நான்கு முறை பட்டறைக்குப் போனார். சட்டையில் எண்ணெய்க் கறையோடு திரும்பினார். பதினோரு பக்கம் எழுதினார். முத்திரை வைத்தார்.

வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கோப்பில் ஐந்து பேர், கையெழுத்துக்குப் பதிலாக, அவரவர் பெயர் முத்திரை வைப்போம். இடக்கோடியில் மேலாளர் முத்திரை நிமிர்ந்து நிற்கும். கீழே உள்ளவர்களின் முத்திரைகள் ஒவ்வொன்றும் இடப்புறம் சாய்ந்து அவரை வணங்க வேண்டும். ஆம் அம்மா, காகிதத்திலும் கும்பிடு! சட்டத்தில் இல்லை, விதியில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. மோமோசேயின் முத்திரை சாயவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"என்னய்யா யாஜிமா, உங்க ஆளுக்கு முதுகு வளையாதா?"

நான் அவரைக் கூப்பிட்டேன்.

"மோமோசே, இது என்னப்பா, குச்சி நட்டாப்புல நிக்குது?"

"நாலு தடவ நேர்ல போயி பார்த்து எழுதினேன் சார். நான் பார்த்தது சரிங்கறதுக்குத்தானே முத்திரை?"

"சரியா தப்பான்னு யாரு கேட்டா? முதல்லேருந்து எழுது!"

இந்த வாய்தான் சொன்னது! கோப்பு முதலிலிருந்து புறப்பட்டது. பிரிவுத் தலைவர் விடுப்பில். துணை மேலாளர் இடமாற்றத்தில். புதியவரோ மீண்டும் படிக்க வேண்டும் என்றார். பத்தொன்பது நாள்! நான்கு முத்திரைகளும் என் முத்திரை பக்கம் அழகாகச் சாய்ந்து வந்து சேர்ந்தபோது வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது. மோமோசே வேலையை விட்டார். பத்தொன்பது பேர் நால்வரானார்கள்.

"தூ!" என்கிறீர்கள். துப்புங்கள், தகும்.

ஆனால் அந்த அம்மையார் ஓயவில்லை. இவ்வாண்டு இன்னொரு வேலை பிடித்தார். இரண்டு மாதமாக அவர் விண்ணப்பம் கிளையில் கிடக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை கெடு. கிதாமுரா அவர்களே, ஊரார் முன்னிலையில் கேட்கிறேன்: கொடுப்பீர்களா, மாட்டீர்களா? எழுந்து சொல்லுங்கள்!

"அது வந்து... மேல கேட்டுத்தான் சொல்லணுங்க. இணைப்பு முடியற வரைக்கும் யாரு முத்திரை வைக்கிறதுன்னே இன்னும் முடிவாகல."

சிரிக்காதீர்கள் ஐயா! ஒரு வீட்டில் உலை கொதிக்குமா கொதிக்காதா என்பது சிரிப்புக்கு உரியதா? கஸுயே அம்மா, நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? சொல்லுங்கள்.

"யாஜிமா ஐயா, அவரை விடுங்க, பாவம். நேத்து காலையிலயே மெஷினெல்லாம் வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். வாங்கினவரு வந்து பார்த்து ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லிட்டாரு."

...எனக்குத் தெரியாது அம்மா. ஒரு நாள் பிந்தி மேடையேறிவிட்டேன். இல்லை, இரண்டாண்டு பிந்திவிட்டேன்.

அவையோரே, நீங்கள் ஒப்புதல் தரவேண்டிய தாள் இதோ என் கையில் இருக்கிறது. மூடுவதற்குக் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள்? "இவ்வூரில் கடன் கேட்போர் இல்லை." இல்லையா? கேட்டவர் அதோ நிற்கிறாரே! நின்றுகொண்டே இருந்தாரே! ஒப்புதல் தராவிட்டாலும் கிளையை மூடுவதை நம்மால் தடுக்க முடியாது. அதை நான் அறிவேன். ஆனால் பொய்க்கு ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. அந்த வரியை அடியுங்கள்! "கேட்டார்கள், நாங்கள் கொடுக்கவில்லை" என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவரை இந்தத் தாள் வெறுந்தாளாகவே திரும்பட்டும்!

பேச வந்ததை விட்டுவிட்டுப் பேச வேண்டியதைப் பேசிய என்னைப் பொறுத்துக் கேட்டீர்கள். கஸுயே அம்மையாரே, என்னை மன்னியுங்கள். அவையோர் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.