சிவப்பு ஊசி

"மாமா, அப்பா அவ்ளோ மேலேர்ந்து விழுந்தாரு. வாட்ச் கண்ணாடி மட்டும் எப்படி உடையல?"

என் தங்கை மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்து முளைக்காத வயது. "நல்ல கம்பெனி வாட்சும்மா" என்றேன். தலையாட்டிக்கொண்டாள். குழந்தைகள் நல்லவர்கள். பெரியவர்கள் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். காலையில் பிரார்த்தனை செய்யாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பேருந்தில் வயதானவர் நின்றால் எழுந்துவிடுவேன். பெரிய தருமங்களைவிட இப்படிப்பட்ட சின்ன உதவிகளைத்தான் கடவுள் பார்க்கிறார் என்பது என் நம்பிக்கை.

எனக்கிருந்த ஒரே ஆசை கடிகாரங்கள். அதுவும் கார் பந்தயத்தை நினைத்துச் செய்தவை. வேகமானி போன்ற முகம், வலப்பக்கம் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் மெல்லிய சிவப்பு ஊசி ஓடத் தொடங்கும். இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பன்னிரண்டுக்குத் திருப்பும். ஒவ்வொரு பந்தயப் பருவத்துக்கும் ஒரு வகை. சில நூறு மட்டும் செய்து பின்பக்கம் எண் பொறிப்பார்கள். எல்லாப் பருவமும் என்னிடம் இருந்தன, ஒன்றைத் தவிர. கண்ணாடிப் பெட்டியில் அதற்கென்று விட்ட குழி காலியாகவே கிடந்தது. அந்த வகை கடைக்கே வரவில்லை. பந்தயக் குழுவில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள்.

அது என் தங்கை கணவர் கையில் இருந்தது. அவர் பந்தயக் கார் மெக்கானிக். எரிகிற காருக்குள் சிக்கிய ஓட்டுநரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தவர். பிடித்த கையை விடவில்லை என்று பாராட்டிக் கொடுத்த கடிகாரம். அதைக் கட்டிக்கொண்டே என்ஜின் எண்ணெயில் கைவிடுவார், மகளைக் குளிப்பாட்டுவார்.

"வேற எது வேணாலும் கேளுங்க மச்சான். இது பாப்பாவுக்கு."

"பாப்பா கைக்குப் போறப்ப அது வாட்சா இருக்காது மாப்ள. பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துக்குவான்."

"இருந்துட்டுப் போகுது. அப்பா கையில கிடந்ததுன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்."

சிரிப்பார். கோபமே வராத மனிதர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பிளம்பர் வரவில்லை. கேட்காமலேயே அவர் ஸ்பேனரோடு வந்துவிட்டார். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு ஏறச் சொன்னேன்.

"உங்க கண்ணு முழுக்க அதுமேலயே இருக்கு. ஏணியப் பாருங்க மச்சான்" என்று கேலி செய்தபடி ஏறினார். தொட்டிமேல் பாசி. கால் வழுக்கி, மாடி விளிம்பைத் தாண்டிப் போனார்.

விழவில்லை. இரண்டு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினார். ஓடிப்போய் மண்டியிட்டேன். மணிக்கட்டு மடங்கியதில் புறங்கை பட்டு, கடிகாரத்தின் மேல் பொத்தான் அழுந்தியிருந்தது. சிவப்பு ஊசி ஓடிக்கொண்டிருந்தது. எஃகுப் பட்டை சிமெண்டில் உரசியது, சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி.

"கையப் புடிங்க மச்சான்."

பிடித்தேன். நான் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வகைப் பட்டையின் கொக்கி மணிக்கட்டுக்கு அடியில் இருக்கும். திறந்தாலும் இரண்டாகப் பிரியாது. வளையல் போல விரல் வழியாகத்தான் உருவ வேண்டும்.

"இந்தக் கைய கொஞ்சம் தூக்குங்க மாப்ள" என்றேன்.

இழுக்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். தூக்கினார். நான் கொக்கியை நெம்பியபோதுதான் அவருக்குப் புரிந்தது.

"அத அப்புறம் பாத்துக்கலாம் மச்சான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

உருவினேன். இரண்டு கைகளும் தேவைப்படுகிற வேலை அது. பிறகு கையை நீட்டினேன். விளிம்பில் அவர் இல்லை.

ஊசி வீணாக ஓடினால் உள்ளே சக்கரம் தேயும் என்பதால் முதலில் அதை நிறுத்தினேன். கீறல் விழாதிருக்க, சாவி இல்லாத சட்டைப்பையாகப் பார்த்துக் கடிகாரத்தை வைத்தேன். அதன் பிறகு உதவிக்குக் குரல் கொடுத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது என்று போலீஸிடம் சொன்னேன். கீழே போய் அவர் கையிலிருந்து கழற்றியதாக வீட்டில் சொன்னேன். ஊசி முப்பத்தெட்டு வினாடியில் நின்றிருந்தது.

"நீங்களே பத்திரமா வச்சிருங்கண்ணா. பாப்பா வளரட்டும்" என்றாள் தங்கை. பெட்டியில் குழி நிறைந்தது. மற்ற ஊசிகளெல்லாம் பன்னிரண்டில் நிற்க, அது மட்டும் கோணலாக நின்றது. பார்க்க வந்தவர்கள் கேட்டால் பழுது என்பேன். பாப்பாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போனது நான். காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டதும் நான்தான். சாலை கடக்கும்போது அவள் கையை ஒருநாளும் விட்டதில்லை.

நாளை அவள் வேலைக்காக வேறு ஊர் போகிறாள். இன்று மாலை அவளும் தங்கையும் கடைக்குப் போயிருந்தபோது அவள் பயணப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவே கடிகாரத்தை வைத்தேன். அவள் அப்பாவுடையது அவளுக்கே. பட்ட கடன் தீர்ந்தது. பார்க்க ஒருவரும் இல்லை, அன்று மாடியில் இல்லாதது போலவே.

வைப்பதற்கு முன் கீழ்ப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு ஊசி ஒரே தாவலில் பன்னிரண்டில் போய் நின்றது. குழந்தை கையில் கொடுக்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும்.