இரண்டு கையிலும் தேவதாரு

ஜம்புலிங்கம்: கையை ஆட்டாதே மே. மெதுவா மூக்காண்ட கொண்டு போ. தேய்க்காதே... ம். இப்போ சொல்லு.

கன்னியம்மா: எந்தக் கையி?

ஜம்புலிங்கம்: மொதல்ல பீச்சாங்கை.

கன்னியம்மா: கற்பூரம்.

ஜம்புலிங்கம்: சோத்தாங்கை?

கன்னியம்மா: அதுவும் கற்பூரந்தான்யா.

ஜம்புலிங்கம்: ரெண்டும் ஒண்ணா கீதா?

கன்னியம்மா: ஒண்ணாத்தான் கீது. ஒரே ஜாடிலேர்ந்து எடுத்துட்டு என்னை டபாய்க்கிறியா?

ஜம்புலிங்கம்: பீச்சாங்கையில செவப்புத் துணி கட்டின ஜாடி. சோத்தாங்கையில வெள்ளைத் துணி கட்டின ஜாடி. உன் கண்ணு முன்னாடிதானே தடவினேன்?

கன்னியம்மா: ஆமா. நேத்துலேர்ந்து வெங்காயம் உரிக்காதே, மஞ்சா பூசாதே, சும்மா தண்ணில குளின்னு ஒரே பேஜாரு. பன்னெண்டு வருசமா அத்தர் கூட்டறே. ஒவ்வொரு தபாவும் என் கையிலதான் தடவிப் பார்க்கறே. ஒனக்குக் கை இல்லியா?

ஜம்புலிங்கம்: என் தோலு ஊறிப் பூட்ச்சி மே. எதைத் தடவினாலும் பயைய வாசனைதான் மேல வரும்.

கன்னியம்மா: சரி, தடவறது என் கையில. மோந்து பார்க்கறது எப்பவும் நீதானே? இன்னிக்கு இன்னா என்னை மோந்து பார்க்கச் சொல்றே?

ஜம்புலிங்கம்: சளி.

கன்னியம்மா: சளியா? மூக்கு ஒயுகவே இல்லியே.

ஜம்புலிங்கம்: உள்ள கீது. இன்னா மே அப்டிப் பார்க்கற?

கன்னியம்மா: ஒண்ணியும் இல்ல. உள்ள கீதுன்னியே, பார்த்தேன்.

ஜம்புலிங்கம்: நக்கல் பண்ணாதே. உச்சி வெயில் வந்தா, ஜாடி எடுக்க மண்ணடிக் கடை சாயபோட ஆளு வேம்புலி வண்டி கட்டிக்கினு வந்துடுவான். அதுக்குள்ள எது நல்ல ஜாடின்னு தெரிஞ்சாவணும்.

கன்னியம்மா: ரெண்டையும் நீதானே கூட்டினே? ஒனக்கே தெரியலியா?

ஜம்புலிங்கம்: ஜுரத்துல கூட்டினது மே அது. நீ அந்த மூலையில கெடந்தே, நான் இந்த மூலையில கெடந்தேன். நசரத்பேட்டையில பொயச்சவன் எத்தினி பேருன்னு எண்ணிக்கினு இருந்தாங்களே, அந்த வாரம். ஜாடில கொறை கீதே, காத்து பூந்தா கெட்டுப்பூடுமேன்னு ராத்திரில எயுந்து போயி ரொப்பினேன். தேவதாரு எண்ணெய் பாட்டிலும் மார்ல தேய்க்கற கற்பூரத் தைலம் பாட்டிலும் பக்கத்துல பக்கத்துல கெடந்துது.

கன்னியம்மா: அய்யோ.

ஜம்புலிங்கம்: காத்தால பார்த்தா தைலப் பாட்டில் காலி.

கன்னியம்மா: எந்த ஜாடில ஊத்தினே?

ஜம்புலிங்கம்: அது தெரிஞ்சா உன் கையை இன்னாத்துக்குப் புடிச்சிகினு ஒக்காந்து கீறேன்?

கன்னியம்மா: தைலம் கலந்தா மோந்தவொடனே தெரியாதா?

ஜம்புலிங்கம்: தெரியாது. தைலத்துல கற்பூரம் கரைக்கற எண்ணெயும் அதே ஜாதி மரத்துலேர்ந்து வடியறதுதான். வடக்க, பனி பெய்ற மலையில கீதாம். எல்லா மரமும் மொட்டையா நின்னாலும் அது மட்டும் பச்சையா நிக்குமாம். நான் எங்க பார்த்தேன், சாயபு சொல்லுவாரு. அதனால மொதல்ல ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்கும். தோல்ல ஒக்காந்து சூடு ஏறினாத்தான் எது எதுன்னு தெரியும்.

கன்னியம்மா: தெரியலன்னா?

ஜம்புலிங்கம்: சாயபு ஊட்ல பொண்ணு கல்யாணம் மே. வர்றவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் தடவுவாங்க. சோறு துன்னு முடிக்கறதுக்குள்ள அத்தினி கையிலயும் தைல வாடை அடிச்சா? அப்பால மண்ணடியில எவனும் என்னை நம்பி ஒரு ஜாடி குடுக்க மாட்டான்.

கன்னியம்மா: அப்பால?

ஜம்புலிங்கம்: அப்பால இன்னா... எங்க அண்ணன் நெலத்துல கூலிக்கு நிக்கணும். அவன் பொஞ்சாதி கையால கூழு வாங்கிக் குடிக்கணும்.

கன்னியம்மா: அதுக்கு நான் அந்த ஜுரத்துலயே போயிருக்கலாம்.

ஜம்புலிங்கம்: அப்டி சொல்லாதே. நெழலு கெணத்தாண்ட வந்துட்சி. இன்னொரு தபா பாரு. பீச்சாங்கை.

கன்னியம்மா: ம்... மரம். மயையில நனைஞ்ச மரம்.

ஜம்புலிங்கம்: மெய்யாலுமா? சோத்தாங்கை?

கன்னியம்மா: அது... அதுவும் மரந்தான். கொஞ்சம் காஞ்ச மரம்.

ஜம்புலிங்கம்: காஞ்ச மரம்னா? கசப்பா கீதா, இனிப்பா கீதா?

கன்னியம்மா: நடுவுல கீது.

ஜம்புலிங்கம்: நடுவுலன்னு ஒண்ணு கெடையாது மே!

கன்னியம்மா: கத்தாதேய்யா. நான் இன்னா ஒன்ன மாரி இதே தொயிலா பண்ணிக்கினு கீறேன்? கசப்புன்னு வச்சிக்கோ.

ஜம்புலிங்கம்: வச்சிக்கறதா? கண்ணை மூடு. இந்தா... இது எப்டி கீது?

கன்னியம்மா: இதுதான் நனைஞ்ச மரம். நல்லா வர்து. ஷோக்கா கீது.

ஜம்புலிங்கம்: கண்ணைத் தொற. அது உன் சோத்தாங்கை. இப்பத்தான் காஞ்ச மரம்னு சொன்னே.

கன்னியம்மா: நேரம் ஆச்சில்ல, மாறியிருக்கும். நீதானே சொன்னே மாறும்னு?

ஜம்புலிங்கம்: எச்சி முயுங்கற நேரத்துல மாறுமா? எனக்கு ஒண்ணும் புரியல மே. தைலம்னா வாசனை மேல போய்க்கினே இருக்கணும். தேவதாருன்னா கீய எறங்கணும். நீ சொல்றதப் பார்த்தா ரெண்டும் ஏறுது, ரெண்டும் எறங்குது.

கன்னியம்மா: ஒரு வேளை ரெண்டுலயும் பாதிப் பாதி ஊத்திட்டியோ இன்னாவோ.

ஜம்புலிங்கம்: அதை நான் நெனைக்கல. அப்டியும் இருக்கும் இல்ல...

கன்னியம்மா: சும்மா சொன்னேன்யா. இப்டி மூஞ்சை வச்சிக்காதே. சளியாவது ஒண்ணாவது, நீயே ஒரு தபா மோந்து பாரு. இந்தா.

ஜம்புலிங்கம்: வோணாம்.

கன்னியம்மா: பாருய்யா. ஒரே ஒரு தபா.

ஜம்புலிங்கம்: ...ம். நல்லா கீது.

கன்னியம்மா: இன்னா நல்லா கீது?

ஜம்புலிங்கம்: மரம். நனைஞ்ச மரம்.

கன்னியம்மா: நீ கண்ணை மூடல.

ஜம்புலிங்கம்: இன்னா?

கன்னியம்மா: பன்னெண்டு வருசமாப் பார்க்கறேன். என் கையை மூக்காண்ட வச்சா ஒனக்குக் கண்ணு தானா மூடும். கூப்ட்டாலும் தொறக்க மாட்டே. இப்போ என் மூஞ்சியவே பார்த்துக்கினு கீறே. நான் இன்னா நெனைக்கிறேன்னு பார்க்கறே. எப்போலேர்ந்து?

ஜம்புலிங்கம்: ...ஜுரம் எறங்கின அன்னிக்கு. கஞ்சி குடுத்தாங்க. சூடு தெரிஞ்சிது. வேற ஒண்ணும் தெரியல. சரியாப் பூடும்னு பார்த்தேன். முப்பது நாளு, நாப்பது நாளு... மாட்டுக் கொட்டாய்ல போய் நிப்பேன். ஒண்ணும் வராது. கற்பூரம் கொளுத்துவேன், வெறும் பொகை.

கன்னியம்மா: எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?

ஜம்புலிங்கம்: இன்னான்னு சொல்றது? அத்தர் கூட்டறவன், மூக்கு பூட்ச்சின்னா? உன் கையைப் புடிச்சிக்கினு கீறேன், நீ பக்கத்துல கீறேன்னே தெரியல மே. செவுத்துக்கு அந்தாண்ட கீற மாரி கீது. முந்தாநேத்து சோறு அடிப்புடிச்சிது. கன்னங்கரேல்னு. நான் துன்னுட்டுத்தான் பார்த்தேன்.

கன்னியம்மா: எனக்கோசரம் கம்முனு துன்னுட்டேன்னு நெனைச்சேன்.

ஜம்புலிங்கம்: நீ எப்டி வுட்டே அதை?

கன்னியம்மா: நான் தண்ணி இஸ்துக்கினு இருந்தேன். கெணத்தாண்ட.

ஜம்புலிங்கம்: யாரையாவது கூப்ட்டுக் காட்லாம்னா, சேதி மண்ணடிக்குப் போவும். ஒன்னை வுட்டா எனக்கு இப்போ யாரும் இல்ல மே. அதான் உன்னையே மோந்து பார்க்கச் சொன்னேன். நீயும் இப்டி ஒளர்றே. அயுவறியா?

கன்னியம்மா: இல்ல. கம்முனு இரு. ரவ நேரம் ஒண்ணும் பேசாதே.

ஜம்புலிங்கம்: ...மணிச் சத்தம் கேக்குது மே. பூந்தமல்லி ரோட்லேர்ந்து திரும்பிட்டான்.

கன்னியம்மா: பீச்சாங்கை.

ஜம்புலிங்கம்: இன்னா?

கன்னியம்மா: பீச்சாங்கைதான் நல்லது. செவப்புத் துணி ஜாடி. அதைக் குடு.

ஜம்புலிங்கம்: இம்மா நேரம் மரம்னே, நடுவுலன்னே. இப்போ இன்னா திடீர்னு?

கன்னியம்மா: இப்பத்தான் தெரியுது.

ஜம்புலிங்கம்: எப்டித் தெரியுது? சொல்லு. பூட்டிக் கெடந்த கோயில் கதவைத் தொறந்தா ஒரு குளிர்ச்சி வருமே, அது வந்துட்சா?

கன்னியம்மா: வந்துட்சி.

ஜம்புலிங்கம்: பீச்சாங்கையிலயா?

கன்னியம்மா: பீச்சாங்கையிலதான்யா. சோத்தாங்கையில தைலந்தான். சந்தேகமே இல்ல. எத்தினி தபா கேப்பே?

ஜம்புலிங்கம்: சத்தியமா?

கன்னியம்மா: எல்லம்மா மேல சத்தியமா. போதுமா?

வேம்புலி: அண்ணாத்தே! கீறியா? மாட்டை அவுக்கல, சீக்கிரம் குடு. கல்யாண ஊட்ல ஆளாளுக்கு என் பேரைத்தான் ஏலம் போட்டுக்கினு கீறாங்க.

ஜம்புலிங்கம்: வா வேம்புலி. தண்ணி குடிக்கிறியா?

வேம்புலி: அதெல்லாம் அப்பால. அண்ணி, இன்னா ரெண்டு கையையும் இப்டி நீட்டிக்கினு? யாருனா வளையல் போட வராங்களா?

கன்னியம்மா: ஒன் வாய்க்குப் பூட்டு போட வராங்க.

வேம்புலி: அய்ய, அண்ணிக்கு இன்னிக்குக் கோவம். ஜாடி எது அண்ணாத்தே?

ஜம்புலிங்கம்: ...செவப்புத் துணி கட்னது.

வேம்புலி: அந்த வெள்ளைத் துணி?

கன்னியம்மா: அது இன்னும் பதம் வரல. அதைத் தொடாதே.

வேம்புலி: சரி. ஆனா ஒரு சேதி கேட்டுக்கினு வரச் சொன்னாரு சாயபு. ஜம்புலிங்கம் தன் மூக்கால மோந்து சரின்னு சொன்னானான்னு. அதை வாயால கேட்டுக்கினுதான் ஜாடியத் தொடணுமாம். இன்னா அண்ணாத்தே, ரோசனை?

கன்னியம்மா: காத்தாலேர்ந்து அதைத்தான் பண்ணிக்கினு கீறாரு. நாஷ்டா கூடத் துன்னல.

வேம்புலி: நீ சொன்னா ஆவாது அண்ணி, அவரு சொல்லணும்.

ஜம்புலிங்கம்: சரியா கீதுன்னு சொல்லு.

வேம்புலி: அவ்ளோதான். இதுக்கு இம்மா நேரமா? வரேன். அண்ணி, கை ரெண்டையும் கீய போடு, வலிக்கப் போவுது.

கன்னியம்மா: பள்ளத்துல பார்த்து ஓட்டு. ஜாடி ஒடைஞ்சா ஒன்னையத்தான் புயியப் போறாங்க.

வேம்புலி: மடியில வச்சிக்கினு போறேன், போதுமா? ஹேய்... ஹேய்!

ஜம்புலிங்கம்: போய்ட்டான்.

கன்னியம்மா: ம்.

ஜம்புலிங்கம்: பொய் சொல்லிட்டேன் மே. அவரு உப்பைத் துன்னுட்டு.

கன்னியம்மா: பொய் இல்ல. ஜாடி சரியாத்தானே கீது?

ஜம்புலிங்கம்: நீ சொன்னே. நான் நம்பினேன். இனிமே அப்டித்தான். நான் கூட்டறேன், நீ சொல்லு. உன் மூக்கு, என் கையி. வெளியில யாருக்கும் தெரிய வோணாம். சரியா? இன்னும் வாசனை அடிக்குதா? எங்க, பீச்சாங்கையைக் குடு. எண்ணெய்ப் பசை அப்டியே கீது. அப்டித்தான் இருக்கணும். சோத்தாங்கையும் குடு.

கன்னியம்மா: அது வோணாம். வுடு.

ஜம்புலிங்கம்: இன்னாத்துக்கு முந்தானையில சுத்திக்கினே? குடு மே... இன்னா இது? இப்டித் தடிச்சி செவந்து கீது? கொப்புளம் வந்துகினு கீது! எப்போலேர்ந்து? வலிக்கலியா? ஏன் சொல்லல?

கன்னியம்மா: கயுவிட்டா சரியாப் பூடும்.

ஜம்புலிங்கம்: கன்னியம்மா. என்னைப் பார்த்து சொல்லு. கோயில் கதவு வந்துட்சின்னியே, மெய்யாலுமே வந்துதா?

கன்னியம்மா: ...வரல. எனக்கு ஒண்ணுமே வரல. ஒனக்குப் பூட்ச்சே, அதே அன்னிக்குத்தான் எனக்கும் பூட்ச்சி. நீ முந்தி முந்தி சொன்ன பேச்சையே திருப்பித் திருப்பி சொல்லிக்கினு இருந்தேன். நீயும் இல்லன்னு சொன்னப்பறம், நானும் இல்லன்னு சொன்னா இந்த ஊட்ல வேற யாருய்யா கீறாங்க? அப்பத்தான் இந்தக் கை எரிய ஆரம்பிச்சிது. ஜுரத்துல மார்ல தேய்ச்சியே, அதே எரிச்சல். எரியாத கையைச் சொன்னேன்.