செலெஸ்தீன் ஏன் வெளியே போகவில்லை

புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைக்கிற ஆள் நான் இல்லை, மேடம். அதன் முதுகு உடைந்துவிடும். உங்கள் மேசையில் அந்தக் கோப்பு அப்படித்தான் கிடக்கிறது, கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள். நன்றி. முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் கண்ணை உறுத்தும்.

லம்பேர் எல்லாப் புத்தகத்தையும் கவிழ்த்துத்தான் வைப்பான். மற்றபடி நல்லவன். லியேஜ் நகரில் ஜோசியானின் காமிக்ஸ் கடையில், பின்பக்க மேசையில், சனிக்கிழமைதோறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பதினோரு வருஷமாகப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். 'ஈர வீடு' என்ற தொடர்.

நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றங்கரை ஆலை ஒன்றில் செலெஸ்தீன் என்ற பெண்ணின் ஆவி இருநூறு வருஷமாக அடைபட்டுக் கிடக்கிறது. ஒன்பதாம் பாகத்தில் ஒரு பாதிரியார் வந்து கதவுச் சங்கிலியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுப் போய்விடுகிறார். அதற்கப்புறம் ஐந்து பாகம் வந்தாயிற்று. அவள் வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

அவள் விரும்பித்தான் இருக்கிறாள் என்பது என் கட்சி. அது அவள் வீடு, வெளியே அவளுக்கு யார் இருக்கிறார்கள். கதவு திறந்திருப்பதே அவளுக்குத் தெரியாது, பாதிரியார் சொல்லாமல் போனதுதான் கொடுமை என்பது லம்பேரின் கட்சி. இதில் நாங்கள் இருவருமே ஒற்றைக் காலில் நின்றோம்.

என் மனைவி போன பிறகு சனிக்கிழமை தவிர என்னோடு யாரும் பேசுவதில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மேசையில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

மார்ச் மாதம், தொடரை எழுதி வரைகிறவரே கடைக்கு வந்தார். வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். அவர் நம் புத்தகத்தில் ஒரு படம் வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். லம்பேர் எனக்கு முன்னால் நின்றான். "ஐயா, கதவு தொறந்திருக்குன்னு அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே செலெஸ்தீன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதாக வரைந்தார். "பாவம், அவகிட்ட யாரு சொன்னா?" என்றார். வரிசையே கைதட்டியது. என் முறை வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் ஏதோ வரைந்து கொடுத்தார், அதை நான் இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்தாலே லம்பேர் ஆரம்பித்துவிடுவான். "கிஸ்லேன், கதவு தொறந்துதான்யா இருக்கு. உனக்காவது யாராச்சும் சொன்னாங்களா?" மேசையே விழுந்து விழுந்து சிரிக்கும். ஜோசியான் மட்டும், "விடு லம்பேர், அவரு முகமே சுண்டிப்போச்சு பாரு" என்பாள். அவள் பரிதாபப்பட்டதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

எழுதினவர் சொல்வதும் ஒரு கருத்து, அவ்வளவுதான். உண்மை தெரிய வேண்டுமென்றால் செய்து பார்க்க வேண்டும். நான் செய்து பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லம்பேரை வீட்டுக்கு அழைத்தேன். ஒன்பதாம் பாகத்தின் மூல ஓவியம் ஒன்று கிடைத்திருக்கிறது, நிலவறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவன் அரிசித் தார்ட் என்கிற எங்கள் ஊர் இனிப்பு வாங்கி வந்தான். சின்ன வயசிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை. என் சமையலறையில் சட்டையைத் தூக்கி இன்சுலின் போட்டுக்கொண்டு, "உன் வீட்ல சாப்பிடணும்னா முன்னாடியே ஊசி போட்டுக்கணும்யா" என்று கேலி வேறு. மருந்தைக் கோட்டுப் பையில் வைத்தான். கோட்டை நான்தான் வாங்கி நடையில் மாட்டினேன்.

நிலவறைக் கதவும் அந்த நடையில்தான் இருக்கிறது. கனமான கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கீழே போர்வை, வாளி, எட்டு பாட்டில் தண்ணீர், பதினான்கு பாகங்கள் எல்லாம் முன்பே வைத்திருந்தேன். விளக்கையும் அணைக்கவில்லை. நான் ஒன்றும் மிருகம் இல்லை.

அவன் இறங்கியதும் தாழ்ப்பாளைப் போட்டேன். முதலில் சிரித்தான். "யோவ், போதும் விளையாட்டு, தொற." அப்புறம் உதைத்தான். "கோட்டுல மருந்து இருக்குய்யா. அது இல்லாட்டி நான் செத்துருவேன்." அன்று முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தான். திங்கட்கிழமை காலை அடங்கினான். எட்டரை மணிக்கு, ஏற்கெனவே எண்ணெய் போட்டிருந்த தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கினேன். நேரத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். எட்டரைக்குப் பிறகு அவனை யாரும் அடைத்து வைக்கவில்லை.

நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தள்ளினால் போதும், திறந்திருக்கும். அவன் தள்ளவில்லை. முதல் நாள் நூறு தடவை தள்ளிப் பார்த்தவன் மறுபடி எதற்குத் தள்ளுவான், அப்படியானால் லம்பேர் சொன்னதுதானே சரி என்று என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிற இந்த அம்மா காலையில் கேட்டார். பாவம், தொடரில் ஒரு பாகம்கூட அவர் படித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவுக்கு மிக அருகில் குரல் கேட்டது. நாக்கு குழறியது, மூச்சு இரைத்தது. "கிஸ்லேன்... நீ சொன்னதுதான் சரி. அவ விரும்பித்தான் இருக்கா. எல்லார் முன்னாடியும் சொல்றேன். மருந்தக் குடுய்யா."

எழுந்து போய்க் கோட்டிலிருந்து மருந்தை எடுத்தேன். கையில்தான் வைத்திருந்தேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றேன். சொன்னான். "ஏன் போகலைன்னும் சொல்லு" என்றேன். "அது அவ வீடு... வெளிய அவளுக்கு யாரு இருக்கா" என்றான். என் வார்த்தைகள், ஒன்றுகூட மாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு தடவை சொல்ல வைத்தேன்.

அப்போதே கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான், அது எனக்கு நன்றாகத் தெரியும். பிழைத்து, சனிக்கிழமை கடைக்குப் போய், பேச்சை மாற்றியிருப்பான். அதனால் கொடுக்கவில்லை. நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை கதவருகே நின்று மறுபடியும் கேட்டேன், அவள் விரும்பித்தானே இருக்கிறாள் என்று. லம்பேர் பதில் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை, மேடம்.