மறப்பதற்கும் ஒரு வரிசை

எங்கள் வீட்டில் யாரும் பால்கோவாவைத் தொடுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் ஐந்து வருடமாகத் திருவிழாவுக்குத் திருவிழா பன்னிரண்டு அரைக் கிலோ பொட்டலங்கள் வீடு தேடி வந்தால் யாருக்கும் திகட்டத்தான் செய்யும். என் மனைவி ஸாவித்ரி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்தாள். இப்போது அவர்களும் எங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கம்பெனி சார்பில் விசாரிக்க வந்திருக்கும் வக்கீல் ஐயா, லஞ்சம் வாங்கினாயா என்று கேட்டீர்கள். பணமாக ஒரு பைசா தொட்டதில்லை. மற்றதை எழுதித் தருகிறேன்.

என் பெயர் நம்பி. ராஜபாளையம் வஞ்சுளவல்லி மோட்டார்ஸில் பதினேழு வருடமாக டூட்டி கிளார்க். எந்த டிரைவர் எந்தப் பஸ்ஸை எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதுவது என் வேலை. அன்றாட ஓட்டத்தில் சண்டை கிடையாது. சண்டையெல்லாம் ஸ்பெஷலுக்குத்தான். ஆடிப்பூரத் தேருக்கும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைப் பெருமாளுக்கும் (நம் ஊர்ப் பக்கத்து மலையைச் சொல்கிறேன்) கூடுதல் பஸ் விடுவோம். ஓட்டுகிறவருக்கு இரட்டைச் சம்பளம். மேனேஜர் ஸுந்தரராஜன் அதைத் தனக்கு வேண்டியவர்களுக்கே கொடுத்துவந்தார். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. டிரைவர்கள் பொறுத்துப் பார்த்து, எண்பத்தெட்டில் பதினோரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அதில் பிறந்தது அந்த ஒப்பந்தம். ஸ்பெஷல் டூட்டி இனி சர்வீஸ் வரிசைப்படி முறை வைத்து வரும். முறைக்காரர் டிப்போ வாசலில் இருந்தும் அவரைக் கூப்பிடாமல் வேறொருவரை அனுப்பினால், ஓட்டியவருக்கும் இரட்டைச் சம்பளம், ஓட்டாத முறைக்காரருக்கும் இரட்டைச் சம்பளம். கம்பெனி பயப்படட்டும் என்று யாரோ யோசித்து எழுதிய விதி. எழுதியவர் கம்பெனியைப் பற்றி யோசித்தார். டிரைவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே என் மறதி. எல்லோருக்கும் மூத்த டிரைவர் தவசிமுத்துவின் முறை. அன்று எனக்குப் பல்வலி. வேறு பெயரை எழுதிவிட்டேன். அவர் ஆபீசுக்குள் வந்து மேசையைக் குத்தினார், மைக்கூடு கவிழ்ந்தது. மேனேஜர் விதிப்படி சம்பளம் போட்டார். அடுத்த விசேஷத்துக்கு முந்தின நாள் அதே தவசிமுத்து சந்தடியில்லாமல் வந்து ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார்.

“நம்பி சார், நாளைக்கும் என்னைய செத்த மறந்துருங்களேன்.”

கரும்பு தின்னக் கூலி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? மறந்தேன்.

இப்படிப்பட்ட செய்தி டிப்போவில் டீ ஆறுவதற்குள் பரவிவிடும். மறுவாரம் ரத்தினம் தலைமையில் ஆறு பேர் வந்தார்கள்.

“அண்ணாச்சிய ரெண்டு மட்டம் மறந்துட்டீக. நாங்க மட்டும் என்ன பாவம் செஞ்சோம்? எங்களையும் மறந்தா என்னவாம்?” என்று ரத்தினம் கேட்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் கோயிலைச் சுற்றி வளர்ந்தவன், ஐயா. சந்நிதியில் தீர்த்தம் கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. இன்னாருக்கு முதலில், இன்னாருக்குப் பிறகு என்று இருக்கும். முண்டியடித்தால் கிடைக்காது, ஆனால் கடைசி ஆளுக்கும் ஒரு துளி வந்து சேரும். அதுபோல ஒரு நோட்டு போட்டேன். எந்த டூட்டிக்கு யாரை மறக்க வேண்டும் என்பதைச் சர்வீஸ் வரிசைப்படி எழுதினேன். அதற்குப் பிறகு டிப்போவில் ஒரு சண்டை கிடையாது. இதை மேனேஜரே உங்களிடம் சொல்லியிருப்பார். கையெழுத்துப் போடும் முன் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லாததால், காரணம் மட்டும் தெரிந்திருக்காது.

திருவிழா நாளில் எதிர்த்த டீக்கடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முறைக்காரர் குளித்து, நெற்றிக்கு இட்டு, தேய்த்த காக்கி போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கூப்பிடவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமல்லவா? பஸ் புறப்பட்டதும், “அடப்பாவிகளா, என்னைய விட்டுட்டுப் போயிட்டாகளே” என்று எழுந்து நின்று ஒரு தடவை சொல்வார். மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு எல்லோரும் வடை சாப்பிடுவார்கள்.

யாராவது பஸ்ஸை ஓட்ட வேண்டுமே என்று கேட்பீர்கள். வரிசையின் கடைசியில் இருந்தவர்கள் ஓட்டினார்கள். அவர்கள் அலுத்துப்போய் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இந்த வருடம், தொண்ணூற்று மூன்று புரட்டாசியில், மேலே பன்னிரண்டு பேரும் கீழே ஒருவனும் மிஞ்சினார்கள். அந்த ஒருவன்தான் வத்திராயிருப்பு ஐயாதுரை.

நல்ல டிரைவர். பால்கோவா வாங்க வசதியில்லாமல் ஊரிலிருந்து இரண்டு தேங்காய் கொண்டுவருவான். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் நான்கு டூட்டி: வெள்ளி மதியம், வெள்ளி இரவு, சனி காலை, சனி மதியம். நான்கு பேர் ஓட்ட வேண்டியதை அவன் ஒருவனே ஓட்டினான். முதல் வாரம் சிரித்த முகமாக இறங்கினான். அவனுக்கும் இரட்டைச் சம்பளம்தானே. இரண்டாவது வாரம் இறங்கி, தண்ணீர்ப் பம்பில் தலையைக் கொடுத்துவிட்டு வெகுநேரம் நின்றான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் என் மேசைக்கு வந்தான்.

“சார், இந்த மட்டம் என்னைய மறந்துருங்க சார். கண்ணு எரியுது.”

நான் நோட்டைத் திறந்து காட்டினேன். “நீயே பாரு தம்பி. எட்டுப் பேர் முடிஞ்சாச்சு. இந்த வாரம் நாலு பேர். அடுத்த சனிக்கிழமை மொத டூட்டி உன் பேருதான். நடுவுல ஒருத்தரைத் தள்ளிட்டு உன்னை மறந்தா, நாளைக்கு என்னை யாரு நம்புவா?”

அவன் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான். முகம் தெளிந்தது.

“அப்ப அடுத்த வாரம் நிச்சயம்தான சார்? செத்த நேரம் டீக்கடையில மூஞ்சியக் காட்டிட்டு, எம் பொண்டாட்டி கருத்தம்மாளக் கூட்டிட்டு மலைக்குப் போயிருவேன். அடிவாரத்துக்கு அம்புட்டு நடை அடிச்சிருக்கேன், ஒரு தடவகூடப் படி ஏறினதில்ல. அவ கேலி பண்ணுதா.”

நிச்சயம் என்றேன். அவன் காக்கிச் சட்டையை அப்போதே சலவைக்குப் போட்டுவிட்டான்.

தொடர்ந்து ஓட்டுகிறவனுக்கு இடையில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டூட்டித் தாளில் ‘ஓய்வு எடுத்தாரா’ என்று ஒரு கட்டம் உண்டு. நான்கு டூட்டிக்கும் ‘எடுத்தார்’ என்று எழுதியது நான்தான். மலையடிவாரத்தில் சனங்கள் ஏறும் நேரத்தில் அவன் ஸ்டீயரிங்கில் தலை வைத்துப் படுத்திருப்பான் என்று கண்டக்டர் பால்சாமி சொன்னார். அதையும் ஓய்வு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சனிக்கிழமை மதியம் நான்காவது டூட்டிக்கு அவன் பஸ்ஸில் ஏறியபோது நான் வாசலில் நின்றேன். எதிரே டீக்கடையில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். அன்று வரிசை முடிகிற நாள் என்பதால் எல்லோரும் வந்திருந்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த முகங்கள். ஐயாதுரை படியில் கால் வைத்தபோது ஒரு தடவை தவறியது, மறுபடி வைத்தான். தவசிமுத்து அதைப் பார்த்தார். “நம்பி சார், பய தள்ளாடுதானே, நான் வேணா எடுக்கட்டுமா?” என்று எழுந்தார். அவர் நல்ல மனிதர். வரிசை கெட்டுவிடும் என்று சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்.

சனங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டுக் காலிப் பஸ்ஸாகத் திரும்பும்போது, கண்மாய்க் கரைப் புளியமரத்தில் ஏற்றினான். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லையாம். பால்சாமிக்குக் கால் போயிற்று. ஐயாதுரையை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பஸ்ஸில் சனங்கள் இல்லாதது பெருமாள் செயல் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டீக்கடையில் இப்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தவசிமுத்து வேலையை விட்டுவிட்டார். ஒரு தவறுக்காக இத்தனை வருட ஒழுங்கை மறந்துவிடுகிறார்கள். என்னால்தான் அவன் செத்தான் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் அவனைப் பஸ்ஸில் ஏற்றினேன், நான்தான் தவசிமுத்துவை உட்காரவைத்தேன். ஆனால் ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நான்காவது சனிக்கிழமை முதல் டூட்டிக்கு முறைக்காரர் என்று ஐயாதுரையின் பெயரைத்தான் எழுதினேன். கூப்பிடவில்லை. ‘முறைக்காரர் இருந்தாரா’ என்ற கட்டத்தில் ‘இருந்தார்’ என்று எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த இரட்டைச் சம்பளத்தைக் கருத்தம்மாள் வந்து வாங்கிக்கொள்ளலாம். சலவைக்குப் போட்ட சட்டையும் என்னிடம் இருக்கிறது.

அன்று நான்கு டூட்டியும் பார்த்தது காமராஜ். புதிதாகச் சேர்ந்தவன், சொன்ன பேச்சைத் தட்டாதவன். நேற்று வந்து கண் எரிகிறது சார் என்றான். நோட்டைத் திறந்து, வரிசையில் அவன் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டியிருக்கிறேன்.