மூன்று கிலோ எடையில் ஏழு ரயில் எஞ்சின்கள்

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள், இஞ்சி போட்டது. ஒலிப்பதிவுக் கருவி ஓடுவது எனக்குத் தொந்தரவு இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட்டுக்குச் சின்னச் சின்னப் பொழுதுபோக்குக் கடைகள் எப்படித் தயாராயின என்பதுதானே உங்கள் ஆய்வு? பெயர் வெளியே வராது என்று பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டேன். அதனால் தாராளமாகப் பேசலாம்.

நான் நன்றாகவே தயாரானேன். பொம்மை வீடுகளுக்கான சாமான் விற்கிறவள் நான். விரல் நகம் அளவு ஓடுகள், தீப்பெட்டியில் அடங்கும் சோபாக்கள், எல்லாம் நெதர்லாந்திலிருந்து வரும். அக்டோபரிலேயே இறக்குமதிக்கான வணிகர் எண் வாங்கிவிட்டேன். அரசாங்கம் இணையத்தில் நடத்திய வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் சுங்கத்தில் காட்டப் பத்து இலக்கச் சரக்கு எண் உண்டு. அதைச் சரியாகப் போட்டால் பெட்டி வந்து சேரும். தப்பாகப் போட்டால் வராது. இவ்வளவுதான் விஷயம்.

எங்கள் சந்தில் மொத்தம் மூன்று கடைகள். எதிரே கிளெமென்ட் ஆர்ட்லியின் ரயில் பொம்மைக் கடை. ஜெர்மனியிலிருந்து எஞ்சின்கள் தருவிப்பார். அவர் கடைக்குப் பக்கத்தில் பிலிப்பா, டென்மார்க்கிலிருந்து கம்பளி நூல் வரவழைத்து விற்பவள். வகுப்புக்கு வாருங்கள் என்று இருவரையும் கூப்பிட்டேன்.

"எனக்கு அதெல்லாம் மண்டையில ஏறாது, ஹெஸ்டர். நீ கேட்டுட்டு ஒரு அட்டையில எழுதிக் குடுத்துடு, அதைப் பாத்துப் பண்ணிக்கறேன்" என்றார் கிளெமென்ட்.

"எனக்கும் ஒண்ணு எழுதிடுங்க ஹெஸ்டர். உங்களை மாதிரி பொறுமை யாருக்கு வரும்?" என்றாள் பிலிப்பா.

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அழகாக இருக்கும் எனக்கு. பிளாஸ்டிக் உறைகூடப் போட்டுக் கொடுத்தேன்.

கிளெமென்டின் அட்டையில் 'ரயில் எஞ்சின், டீசல்' என்று எழுதி, அதற்குரிய எண்ணையும் போட்டேன். 'பொம்மை' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். பிலிப்பாவின் அட்டையில் 'ஆட்டு ரோமம்'. நூற்றது, சாயம் ஏற்றியது என்ற விவரங்களை விட்டுவிட்டேன். கவனக்குறைவு என்று குறித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு எண்களையும் நன்றாகச் சரிபார்த்த பிறகுதான் எழுதினேன்.

ஜனவரியில் புது விதிகளும் வந்தன, கொரோனா ஊரடங்கும் வந்தது. கடைக் கதவு சாத்தியிருந்தாலும் தபாலில் வியாபாரம் நடந்தது. ஒரு நாள் காலையில் கிளெமென்ட் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி என் வாசலுக்கு ஓடி வந்தார். துறைமுகச் சுங்கத்திலிருந்து ஒருவர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பேர்ல ஏழு ரயில் எஞ்சின் வந்திருக்கு. எப்படி எடுத்துட்டுப் போகப் போறீங்க?"

"கார் பின்சீட்டுல வெச்சுதான்."

"விளையாடாதீங்க சார். இங்க ஏற்கெனவே தலை சுத்துது. ஏழு எஞ்சினும் சேந்து மூணு கிலோன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க. அட்டைப்பெட்டியோட சேத்து."

அவர் எடையை இன்னொரு தடவை வாசித்துக் காட்டினார். நான் சிரிக்கவில்லை. முகக்கவசம் போட்டிருந்தேன்.

மறு வாரம் பிலிப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆடு ஆரோக்கியமா இருந்துச்சுன்னு கால்நடை மருத்துவர் சர்டிபிகேட் வேணுமாம், ஹெஸ்டர். எந்த ஆடுன்னு நான் எங்க போய்த் தேடுவேன்?"

உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். இருவருக்காகவும் சுங்கத்துக்கு விளக்கக் கடிதங்களை நானே எழுதி அனுப்பினேன். கிளெமென்டின் கடிதத்தில் 'இவை ஓடும் நிலையில் உள்ள எஞ்சின்கள்' என்று குறிப்பிட்டேன். பொய் இல்லையே, ஓடத்தானே செய்யும். பிலிப்பாவின் கடிதத்தில் 'ஆடுகளின் உடல்நிலை பற்றி எங்களுக்கு ஏதும் தெரியாது' என்றேன். அதுவும் உண்மைதான்.

எஞ்சின்கள் ஜெர்மனிக்கே திரும்பிப் போயின. அங்கிருந்து அனுப்பிய வியாபாரி இனிமேல் பிரிட்டனுக்கு எதையும் அனுப்புவதாக இல்லை என்று எழுதிவிட்டார். பிலிப்பாவின் நூல் பதினோரு வாரம் கிடங்கில் கிடந்தது. பிறகு எரித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதில் ஒரு கடல் நீலம் இருந்ததாம், அதை நினைத்து நினைத்து அழுதாள். கைக்குட்டை நான்தான் கொடுத்தேன்.

யாருக்கும் என் மேல் சந்தேகம் வரவில்லை. பழியைச் சுமக்க பிரெக்ஸிட் இருந்தது. கிளெமென்ட் வெளியேறலாம் என்று வாக்களித்தவர், அதனால் பாவம், வாய்விட்டுத் திட்டவும் அவரால் முடியவில்லை. மே மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடைகளையும் மூடினார்கள்.

"நீ மட்டும் இல்லன்னா ஜனவரியிலயே படுத்திருப்போம்" என்று கிளெமென்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஏன் என்று கேட்கிறீர்கள். சரியான எண் அரசாங்கத்தின் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. ஒருவராவது ஒரு தடவை பார்த்தார்களா? தன் கடையைத் தானே பார்த்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஒரு பாடம்.

பிலிப்பா எங்கள் சந்துக்கு வருவதற்கு முன்பு பதினோரு வருடம், சனிக்கிழமைதோறும் மூன்றரை மணிக்குக் கிளெமென்ட் என் கடையில்தான் தேநீர் குடிப்பார். புதிதாக வந்த எஞ்சினைக் கொண்டுவந்து என் மேசையில் ஓட்டிக் காட்டுவார். பிலிப்பா கடை திறந்த பிறகு அது நின்றுபோனது. பின்னணிக்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நானாக நினைத்தது, கடைகள் போய்விட்டால் அவரவர் அவரவர் வழியில் போய்விடுவார்கள் என்று.

போகவில்லை. ஒரே கஷ்டத்தில் மாட்டிய இருவரும் தினமும் சேர்ந்து சுங்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் படித்திருக்கிறார்கள். சேர்ந்து தொலைபேசியில் மணிக்கணக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் கல்யாணம்.

"நீதான் எங்களைச் சேத்து வெச்சே, ஹெஸ்டர். சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்" என்றார் கிளெமென்ட்.

பச்சைத் தொப்பி வாங்கிக்கொண்டு போனேன். பதிவாளர் தாளை நீட்டினார். மணமகளின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, தாளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன்.

அந்தப் பிழை என்னுடையது இல்லை, அதை மட்டும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துக் குறைந்தால் கல்யாணம் செல்லாமல் போகுமா என்று இதுவரை மூன்று அலுவலகங்களில் விசாரித்திருக்கிறேன். சும்மா, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.