‘நாளைக்குவா’ என்று ஒரு பெயர்

ஆத்திரப்படுகிறவர்களையும் அடக்கி அமரவைக்கும் ஆற்றல் கொண்ட தலைவர் அவர்களே! வியர்வை சிந்திச் சங்கம் வளர்த்த மூத்தவர்களே! வீட்டில் உலையையும் ஆலையில் ஊசியையும் ஒருசேரக் காக்கும் தாய்மார்களே! என்னோடு தோல் வெட்டித் தோள் தேய்ந்த தோழர்களே! வணங்குகிறேன்.

பேச வந்தவன் பதறி நிற்கிறேன். நேற்று மாலை தெருமுனைக் கூட்டத்தில் ஒரு தலைவர் முழங்கினார்: “உங்க சோத்துல மண்ணைப் போட்டவன் வெளியூர்க்காரன். அவனை விரட்டுங்க, வேலை தானா வரும்.” கூட்டம் கொதித்தது. நூறு பேர் நேரே வெளியூர்த் தொழிலாளர் விடுதிக்குப் போய்க் கதவை உதைத்தார்கள். முதலில் உதைத்த கால் யாருடையது? என் தங்கையின் கால்! உள்ளே நடுங்கிக் கிடந்தவள் யார்? நம் செருப்பு ஆலையில் பதினோரு ஆண்டுகளாக என் தங்கைக்குப் பக்கத்து மிஷினில் தைப்பவள். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தோடு ஓடி வருகிறவள். இன்னும் அவள் வெளியூர்க்காரியாம்!

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலாயிற்று. வீட்டுக்கு ஓடி, “உனக்குப் புத்தி கித்தி இருக்கா?” என்று கத்தினேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: “அந்த ஆளு சொல்றதுல பாதி பொய்னு எனக்கும் தெரியும்ணே. ஆனா அவருதான் என் பேரைக் கேட்டாரு. உங்க சங்கத்துல எனக்கு என்ன பேரு?”

பெயர் இருக்கிறது தோழர்களே. சாயங்காலம் மணி அடித்ததும் மேற்பார்வையாளர் வரிசையில் நடப்பாரே, சிலரிடம் மட்டும் “நீ நாளைக்கு வா” என்பாரே, மற்றவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரே! அந்த மூன்று சொல்லுக்காகக் காதைத் தீட்டி நிற்பவர்களுக்கு நிரந்தரத் தொழிலாளர்களாகிய நாம் வைத்த பெயர் ‘நாளைக்குவா’.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா. போன மாதம் இதே மேடையில், “நாளைக்குவாக்களுக்குச் சங்கத்தில் இடமில்லை, விதி அப்படி” என்று நான் சொன்னபோதும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கூடப் பிறந்தவளைத்தான் சொல்கிறேன் என்பது எனக்கே உறைக்கவில்லையே!

அடுத்த நாள் அடுப்பெரியுமா என்று அறியாதவளிடம் அறம் பேசினால் ஏறுமா? நாதியற்று நிற்கையில் நயவஞ்சகன் நீட்டும் கையும் நல்ல கையாகத்தானே தெரியும்? தங்கை என்பதற்காக அவள் செய்ததை நான் பூசி மெழுக மாட்டேன். அது கொடுமை. ஆனால் அவளை அந்தக் கூட்டத்துக்கு அனுப்பியது யார்? நாம்தான் தோழர்களே, நாம்தான்.

விதியை மாற்றும் தீர்மானம் என் கையில் இருக்கிறது. படிக்குமுன் ஒன்று சொல்கிறேன். விடிந்ததும் தங்கை விடுதிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டாளா, அந்தப் பெண் மன்னித்தாளா, எனக்குத் தெரியாது. இருவரும் இப்போது நம் மண்டப வாசலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள். உறுப்பினர் இல்லை என்று நம் வாயிற்காவலர் நிறுத்தி வைத்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, விதி எழுதியவர்கள் நாம்.

முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுங்கள். காவலர் ஐயா, கதவைத் திறந்து விடுங்கள். அவர்கள் வந்து அமர்ந்ததும் தீர்மானத்தைப் படிக்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. உள்ளே வருகிற இருவருக்கும், பதினோரு ஆண்டு தாமதமான என் வணக்கம்.